இடது பின்சக்கரத்து நட்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில் யாராவது ஒரு மெக்கானிக்குக்குக் கழற்ற முடியாத நட் ஒன்று வாய்த்துவிட்டால், அந்த வண்டி கடைசியில் முனிரத்தினத்தின் ஷெட்டுக்குத்தான் வந்து சேரும். துருவேறி இறுகிப்போனது, தப்பான ஸ்பேனரைப் போட்டுத் திருகி முனையெல்லாம் மழுங்கி கோலிக்குண்டு மாதிரி ஆனது, தலை முறிந்து உடம்பு மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டது என்று எல்லாம் அவனிடம் வந்தன. பெருங்களத்தூர் வரைக்கும் அவனுக்கு நட்டு முனிரத்தினம் என்றே பெயர்.

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பிரிகிற இடத்தில் தகரக் கூரை போட்ட ஷெட் அது. உள்ளே ஒரு மூலையில், கழலாத நட்டுகளுக்கென்றே அவன் ஒரு பெட்டி வைத்திருந்தான். எதிர்ப்பக்கமாகத் திருகுமரை வெட்டிய கூம்பு ஆணிகள் அதில் கிடக்கும். முறிந்த போல்ட்டின் நடுவில் துளை போட்டு அதை இடப்பக்கமாகத் திருகினால், ஆணி உள்ளே இறங்க இறங்க முறிந்த துண்டு வெளியே வரும். ராணுவ லாரிகளைக் கழித்துவிடும்போது ஏலத்தில் வாங்கியவை. சுத்தியலால் தட்டி வாய் குறுக்கிய ரிங் ஸ்பேனர்கள், பைப்பைப் பிடிக்கிற ரெஞ்ச், இரும்பு வெட்டும் உளிகள் சில.

இவ்வளவு இருந்தும் அவன் முதலில் கையில் எடுப்பது மண்ணெண்ணெய்க் குப்பியைத்தான். நட்டின் அடியில் ஊற்றிவிட்டு, போய் வேறு வேலை பார்ப்பான். "அது இப்ப கோவமா கீது. கொஞ்சம் வுட்டுப் புடிக்கணும்" என்பான்.

கூட வேலை செய்தது தசரதன். முனிரத்தினத்தின் மனைவி செல்லியம்மாளுக்குத் தம்பி. ஏரிக்குக் கீழே இருந்த குடும்ப நிலத்தைப் பெரியவர்கள் மனைக்குக் கொடுத்துவிட்ட பிறகு, அக்காள் புருஷனிடமே வேலைக்கு வந்து சேர்ந்தவன். கல்யாணமாகாதவன், சாப்பாடு அக்காள் வீட்டில். மாமன் கை நீட்டினால் எந்த ஸ்பேனர் என்று கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு இருவருக்கும் வேலை ஒத்துப்போயிருந்தது.

எழுபத்து மூன்றாம் வருஷம், கோடை. ஊரெல்லாம் கரண்ட் கட். காலையில் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு காலையில் லாசரஸ் தன் பழைய லேண்ட்மாஸ்டர் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். கிழக்குத் தாம்பரத்துக்காரர், பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர். இடது பின்சக்கரத்தில் ஒரு நட் மழுங்கிப்போயிருந்தது. மதுராந்தகம் பக்கத்தில் பஞ்சரானபோது யாரோ லாரி ஸ்பேனரைப் போட்டுத் திருகிய வேலை. இரண்டு ஷெட்டுகளில் பார்த்துவிட்டுக் கைவிரித்துவிட்டார்கள்.

முனிரத்தினம் குந்தி உட்கார்ந்து நட்டைத் தடவிப் பார்த்தான். சக்கரத்தின் குழிக்குள் ஆழமாக உட்கார்ந்திருந்தது. ரெஞ்சின் வாய் உள்ளே போகாது. ஒரு நம்பர் சின்ன பாக்ஸ் ஸ்பேனரை அடித்து ஏற்றிப் பார்த்தான். அது பிடிக்காமல் சுற்றியது. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த வெல்டிங் பட்டறையில் மேலே வேறொரு நட்டை வைத்துப் பற்றவைத்தால் வந்துவிடும். ஆனால் கரண்ட் இல்லை.

"அவசரம் ஒண்ணுமில்லை முனிரத்தினம். வண்டி இங்கேயே இருக்கட்டும். நான் ட்ரெயின்ல ஆபீஸ் போயிடறேன். நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்" என்றார் லாசரஸ்.

"இதுக்கு இன்னாத்துக்கு சார் நாளைக்கி? குந்துங்க. ஒரு டீ குடிக்கிற நேரம்."

இரண்டு ஷெட்டில் முடியாமல் தன்னிடம் வந்த வண்டி. சொந்தக்காரர் எதிரில் நிற்கிறார். இதற்குப் போய் நாளைக்கு வா என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. மண்ணெண்ணெயை ஊற்றிக் காத்திராமல் உளியை எடுத்தான். நட்டின் ஓரத்தில் ஒரு வெட்டு விழ வைத்து, பிறகு உளியைச் சாய்த்து அந்த வெட்டில் ஊன்றி அடித்தால் நட் இடப்பக்கமாக நகரும். முன்பு எத்தனையோ தடவை செய்தது. குழி ஆழமாக இருந்ததால் இரண்டு கையாலும் உளியைப் பிடித்துக்கொண்டு, வெட்டு சரியாக விழுகிறதா என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனான். சுத்தியலைத் தசரதன் எடுத்துக்கொண்டான்.

தசரதன் ஓங்கவில்லை. உளியின் தலையைப் பார்த்தான். வருஷக்கணக்காக அடிபட்டு அது காளான் மாதிரி விரிந்து, ஓரமெல்லாம் பிசிறு பிசிறாகத் தொங்கியது.

"மாமா, உளித்தல ரொம்பப் பூத்துக்கீது. கரண்ட் வந்ததும் சாணை புடிச்சிட்டு அடிக்கலாமே."

"கரண்ட் எப்ப வர்றது. அடிடா."

தசரதன் அடித்தான். முதல் அடியில் நட்டில் வெட்டு விழுந்தது. அடுத்த அடியில் உளி கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி ஓங்கி அடித்தபோது முனிரத்தினம் உளியை விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்தான்.

கத்தவில்லை. வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, "ஒண்ணுமில்ல, தூசு" என்றான். கையை எடுத்தபோது ரத்தம்கூட இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மாதிரி ஒன்று வழிந்தது. ஆனால் தண்ணீரைவிடச் சற்றுக் கெட்டியாக இருந்தது.

லாசரஸ் பயந்துபோனார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். அவருடைய கார் ஜாக்கியில் நின்றுகொண்டிருந்தது. டாக்ஸி பிடித்து வருகிறேன் என்றார். முனிரத்தினம் கேட்கவில்லை. "கழுவினா பூடும் சார். பேஜாரு பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு, தசரதனின் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

வீட்டில் செல்லியம்மாள் கண்ணைத் திறந்து பார்த்தாள். கருவிழி ஓரத்தில் எறும்பு கடித்த அளவுக்கு ஒரு கோடு. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவள் ஒருத்தி இருந்தாள். சங்கில் தாய்ப்பால் வாங்கிவந்து கண்ணில் விட்டார்கள். பொழுது சாய்வதற்குள் கண் ரத்தக்கட்டியாகச் சிவந்து, பாதித் தலையோடு வலிக்கத் தொடங்கியது. மறுநாள் விடிந்ததும் தாம்பரத்தில் ரயில் ஏறி எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போனார்கள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். கண்ணுக்குள் இரும்புத் துண்டு ஒன்று இருந்தது. அங்கே இருந்த பெரிய காந்தத்தை வைத்து அதை வெளியே இழுத்தார்கள். ஒரு அரிசி நொய் அளவுதான். முனிரத்தினம் அதைக் கேட்டு வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். உளித்தலையின் பிசிறு என்று அவனுக்குத் தெரிந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு, "வந்துட்ச்சி இல்ல, அவ்ளோதான்" என்றான்.

தசரதன் வார்டுக்கு வந்தபோது முனிரத்தினம் முதலில் கேட்டது காரைப் பற்றி.

"அந்த நட்டு இன்னாச்சி?"

"கயட்டிட்டேன் மாமா. சாருக்கு வண்டிய ஓட்டிக்கினு போய்க் குடுத்துட்டேன்."

"எப்டிக் கயட்ன?"

"அன்னிக்கி மத்தியானமே கரண்ட் வந்துச்சி. வெல்டிங் வச்சி எடுத்தேன்."

"ஒடனே வந்துட்ச்சா?"

தசரதன் தலையைக் குனிந்துகொண்டான். "ஊம்."

முனிரத்தினம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

ஒரு வாரம் கழித்து, வார்டைப் பார்த்துக்கொண்ட பெண் டாக்டர் அவனையும் செல்லியம்மாளையும் தனியாக உட்கார வைத்துப் பேசினார். அன்று லாசரஸும் வந்திருந்தார். அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்றார் டாக்டர். கிழிந்தது சாதாரண இடமில்லை. அதை இப்படியே விட்டுவைத்தால் நல்ல கண்ணுக்கும் ஆபத்து. சீக்கிரமாக, அடுத்த வாரத்துக்குள், அந்தக் கண்ணை எடுத்துவிட வேண்டும்.

"அதான் இரும்ப எடுத்துட்டீங்களே டாக்டரம்மா. ஒடஞ்ச போல்ட்ட எடுத்துட்டா, மரைய மறுக்கா வெட்டி வேற போல்ட்டு போட்டுடுவோம்" என்றான் முனிரத்தினம்.

"கண்ணுல மரை வெட்ட முடியாதுப்பா."

"வெளிச்சம் தெரியுதே. ஜன்னல் எங்க கீதுன்னு சொல்வேன், பாக்கிறீங்களா?" நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் கை காட்டினான். சரியாகத்தான் காட்டினான்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "தெரியும். அது வெளிச்சம் மட்டும்தான். ஒரு கண்ணுல இப்படி அடிபட்டா, சில பேருக்கு இன்னொரு கண்ணும் அதுக்காக அழ ஆரம்பிக்கும். அழுது அழுது அதுவும் போயிடும். எல்லாருக்கும் வராது. ஆனா வந்துட்டா எங்களால ரொம்ப ஒண்ணும் பண்ண முடியாது."

"டாக்டர் சொல்றதைக் கேளுங்க முனிரத்தினம்" என்றார் லாசரஸ்.

முனிரத்தினம் செல்லியம்மாளைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உசுரோட கீற கண்ண எப்டி நோண்டி எடுத்துடுங்கன்னு நான் சொல்றது? என்னால சொல்ல முடியாது" என்றாள்.

மறுநாள் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அதன் பிறகு ஒரு மாதத்துக்குமேல் எல்லாம் நன்றாகவே இருந்தது. வலி குறைந்தது. சிவப்பு வடிந்தது. முனிரத்தினம் ஷெட்டுக்குப் போகத் தொடங்கினான். காலையில் எழுந்ததும் நல்ல கண்ணை மூடிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பான். "இன்னிக்கி நேத்திவிட தேவலாம்" என்பான். செல்லியம்மாள் ஏரிக்கரை அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துவதாக வேண்டிக்கொண்டாள். லாசரஸின் மனைவி யூனிஸ் தேவாலயத்தில் அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்கச் சொல்லியிருந்தாள். பெண் டாக்டர் வீணாகப் பயமுறுத்திவிட்டார் என்று எல்லோரும் நினைக்கத் தொடங்கினார்கள். தசரதன் மட்டும் அப்படி நினைக்கவில்லை. அவன் மாமனின் இடது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முனிரத்தினத்துக்கு வெயில் கூச ஆரம்பித்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. டீக்கடையில் பேப்பரை எடுத்தால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நேற்றைய பேப்பர் என்று சொல்லி மடித்து வைத்துவிடுவான். சாலையில் வரும் பஸ்ஸின் போர்டைத் தசரதன் படிக்கும்வரை காத்திருந்து, பிறகு தானும் தெரிந்ததுபோல் தலையாட்டுவான். கண் ஓரம் எப்போதும் ஈரமாக இருந்தது. கேட்டால் புகை என்றான்.

ஒரு நாள் பால் வேன் ஒன்று பிரேக் பார்க்க வந்தது. டிரைவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். பின் சக்கரத்தைக் கழற்ற முனிரத்தினம் உட்கார்ந்தான். ஸ்பேனருக்காகக் கை நீட்டாமல் தானே எடுத்தான். நட்டையும் ஸ்பேனரின் வாயையும் மாறி மாறிக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தான். கையை நம்பியிருந்தால் அளவு தெரிந்திருக்கும். அன்று அவனுக்குக் கண்ணில் பழுதில்லை என்று காட்ட வேண்டியிருந்தது. ஒரு நம்பர் பெரிய ஸ்பேனரை மாட்டி, உடம்பின் கனத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினான். ஸ்பேனர் வழுக்கியது. மறுபடி மாட்டி அழுத்தினான். மறுபடி வழுக்கியது. அவன் நிறுத்தவில்லை.

"மாமா" என்றான் தசரதன்.

முனிரத்தினம் நட்டின் மேல் கட்டைவிரலை வைத்துச் சுற்றித் தடவினான். புது நட். வரும்போது அதன் முனைகள் கூர்மையாக இருந்தன. இப்போது ஒன்றுகூட விரலில் தட்டுப்படவில்லை. டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தசரதன் அவனைப் பார்த்துச் சொல்ல வேண்டாம் என்று கையால் தடுத்தான். முனிரத்தினம் ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தான். எழுந்தவன் ஷெட்டின் தூணில் இடித்துக்கொண்டான்.

"எத்தினி நாளா மாமா?"

"ஒரு பத்துப் பாஞ்சு நாளா" என்றான் முனிரத்தினம். "அக்காகிட்டச் சொல்லாத."

அன்றே தசரதன் அவனை எழும்பூருக்கு அழைத்துப் போனான். அதே பெண் டாக்டர்தான் இருந்தார். இடது கண்ணுக்குள் விளக்கடித்து வெகு நேரம் பார்த்தார். திட்டவில்லை. "முன்னாடியே வந்திருக்கலாம்னு சொல்லி இப்ப என்ன ஆகப்போகுது. அட்மிட் ஆயிடு. முடிஞ்சதைப் பண்றோம்" என்றார்.

முடிந்ததைச் செய்தார்கள். கண்ணிலேயே ஊசி போட்டார்கள். மாத்திரைகளால் முகம் உப்பியதில், விஷயம் தெரியாதவர்கள் அவன் சதை போட்டிருப்பதாகச் சொன்னார்கள். நடுவில் கொஞ்ச நாள் பார்வை திரும்புவதுபோல இருந்தது. செல்லியம்மாளின் புடவை நிறத்தைச் சரியாகச் சொன்னான். அடுத்த வாரமே அது போயிற்று. மறுபடி வந்தது, முன்பைவிடக் குறைவாக. ஒவ்வொரு தடவையும் வந்தது குறைவாகவும் போனது அதிகமாகவும் இருந்தது. ஐப்பசி மழை வந்தபோது, எதிரில் நிற்பவர் ஆணா பெண்ணா என்பது குரல் கேட்டால்தான் தெரிந்தது.

செல்லியம்மாள் தனியாகப் போய் டாக்டரைக் கேட்டாள். "இப்ப அந்தக் கண்ண எடுத்துடறதுன்னா எடுத்துடுங்கம்மா. நான் ஒத்துக்கறேன்."

"இப்ப எடுத்துப் பிரயோஜனமில்லைம்மா. அந்தக் கண்ணுல வெளிச்சம் தெரியுதுன்னு சொல்றார் இல்ல. அதாவது இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

அவள் வராண்டாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து ஒரு ஆயா வந்து எழுப்பித் தண்ணீர் கொடுத்தாள்.

தசரதன் ஷெட்டைத் தனியாக நடத்திப் பார்த்தான். எண்ணெய் மாற்றுவது, பிரேக் பார்ப்பது எல்லாம் செய்தான். மழுங்கிய நட் என்று யாராவது வந்தால் மட்டும் முடியாது என்று அனுப்பிவிடுவான். உளியை ஊன்றிச் சுத்தியலை ஓங்கினால் கை நின்றுவிடுகிறது என்று டீக்கடைக்காரரிடம் சொன்னானாம். அந்த ஷெட்டுக்கு வண்டிகள் வந்ததே அதற்காகத்தான். கொஞ்சம் கொஞ்சமாக வருவது நின்றது.

ஆனாலும் தினம் வீட்டுக்கு வருவான். மாமனுக்கு பஜ்ஜி வாங்கி வருவான். எந்த வண்டி வந்தது, என்ன பழுது என்று சொல்வான். வராத வண்டிகளையும் வந்ததாகச் சேர்த்துச் சொல்வான். முனிரத்தினம் ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தான். ஒரு மத்தியானம் தசரதன் ஏதோ ஒரு லாரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் வெட்டினான்.

"நீ இன்னாத்துக்கு தெனம் வர்ற?"

தசரதன் பஜ்ஜிப் பொட்டலத்தை மாமன் கைப்பக்கம் நகர்த்தி வைத்தான்.

"அடிச்சது உன் கைதானடா. பாத்து அடிச்சிருந்தா நான் ஏன் இப்டி ஒக்காந்துக்கினு கீறேன். இப்ப வந்து பஜ்ஜி குடுக்கற."

செல்லியம்மாள் அடுப்பங்கரையிலிருந்து வந்து நின்றாள். தம்பி ஏதாவது சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"ஆமா மாமா" என்றான் தசரதன். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். ஷெட் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, அந்த வாரமே விஜயவாடா போகும் ஒரு லாரியில் கிளீனராக ஏறிவிட்டான்.

வீட்டில் சோறு பொங்க வழி வேண்டியிருந்தது. யூனிஸ் தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் ஹாஸ்டல் சமையலறையில் செல்லியம்மாளைச் சேர்த்துவிட்டாள். மனைவியை அழைத்துப்போக அங்கே வந்த லாசரஸ் ஒரு நாள் அவளிடம் பேச்சுவாக்கில் சொன்னார். "உங்க தம்பி அன்னிக்கே சொன்னாரும்மா. சாணை பிடிச்சிட்டு அடிக்கலாம்னு. நான் பக்கத்துலதான் நின்னேன். நானாவது வேண்டாம்னு தடுத்திருக்கலாம்."

செல்லியம்மாள் வீட்டுக்கு வந்ததும் கூடையை வைக்காமலே கேட்டாள். "அவன் சாணை புடிக்கலாம்னு சொன்னானாமே."

முனிரத்தினம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "சொன்னான்."

"அப்பறம் ஏன் அவன அந்தப் பேச்சு பேசுன?"

"யார் மேலயாவது போடணும் இல்ல" என்றான். பிறகு, "எங்கனாப் பாத்தா வரச் சொல்லு" என்றான்.

அவள் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தாள். லாரிக்காரர்கள் சேதியைக் கொண்டுபோனார்கள். அதற்குள் ஷெட் இருந்த இடத்தில் யாரோ டயர்க் கடை வைத்துவிட்டார்கள். தட்டுமுட்டுச் சாமானெல்லாம் வீட்டின் பின்பக்கம் மழையில் கிடந்தது.

பொங்கலுக்கு மறுநாள் தசரதன் வந்தான். கறுத்து இளைத்து, தாடி விட்டிருந்தான். அக்காள் தெருமுனையிலேயே பார்த்துவிட்டாள். கையைப் பிடித்து அழைத்து வந்தாள். "உன்னத்தான் கேட்டுக்கினே கீது. மாமா மனசுல ஒண்ணும் இல்லடா. வந்து ஒரு வார்த்த பேசு" என்றாள்.

முனிரத்தினம் முற்றத்தில் வெயில் விழுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தான். வெளிச்சம் தெரிகிற இடத்தைத் தேடி, பொழுதோடு சேர்ந்து நகர்ந்து நகர்ந்து உட்காருவது அவன் வழக்கமாகிவிட்டிருந்தது. முகத்தை மேலே தூக்கி வைத்திருந்தான். வலது கண் சுருங்கி உள்ளே போயிருந்தது. இடது கண் பால் கட்டியதுபோல வெளுத்திருந்தது.

தசரதன் அந்தக் கண்களை இப்படி ஆன பிறகு பார்த்ததில்லை. வேலிப்படலைப் பிடித்தபடி நின்றான். அக்காள் இழுத்தாள். அவன் கால் நகரவில்லை.

"யாரு வந்துகீறது?" என்றான் முனிரத்தினம்.

செல்லியம்மாள் தம்பியைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கையை விடுவித்துக்கொண்டு வந்த வழியே நடந்தான். வேகமாகக்கூட நடக்கவில்லை. அவள் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

"யாருன்னு கேட்டனே" என்றான் முனிரத்தினம்.

"யாரும் இல்ல" என்றாள் அவள்.

முனிரத்தினம் தெருப்பக்கமே முகத்தைத் திருப்பி, போகிற அந்தப் பழகிய காலடியைக் கேட்டுக்கொண்டிருந்தான். அது கேட்காமல் போன பிறகு, "சரி" என்றான். அன்றைக்கும் அதற்குப் பிறகும் அவன் தசரதனைப் பற்றிக் கேட்கவில்லை. செல்லியம்மாள் உள்ளே போய், அவனுக்குச் சாப்பாடு போட்டு மூடி வைத்துவிட்டு ஹாஸ்டல் வேலைக்குக் கிளம்பினாள்.